சந்தடியில்லாத கணிப்பொறி

வீட்டில் ஒரு கணிப்பொறி வைத்துக்கொள்வது இந்நாளில் ஆடம்பரத்தின் பாற்பட்டதன்று. பையனுடைய பாடம், பெண்ணின் பரீட்சை விண்ணப்பம், தகப்பனாரின் பாங்கிக் கணக்கு, வெளியூரிலிருக்கும் மூத்த பிள்ளையின் முகத்தைப் பார்த்துப் பேசுவது ஆகிய எல்லாம் அதன் வழியே நடைபெறுகின்றன. ‘கைபேசியிலேயே இவையெல்லாம் ஆகாவோ?’ என்று சிலர் கேட்கலாம். ஆகும், ஆனால் நாலு பக்கக் கட்டுரையைக் கட்டைவிரலால் எழுதிப் பார்த்தவர்களுக்கு அதிலுள்ள சிரமம் தெரியும். ஆகவே, ‘கூடத்து மூலையில் சின்னதாக, சத்தம் போடாததாக ஒரு கணிப்பொறி வேண்டும், எந்தப் பிராஸஸர் உள்ளதாக வாங்கலாம்?’ என்று கேட்போர் தொகை பெருகி வருகிறது. இவ்வாரம் அதைப் பற்றியே பேச உத்தேசித்திருக்கிறோம். உதாரணத்துக்குப் புதுக்கோட்டைச் சீமையை எடுத்துக்கொள்வோம். அங்கே வெயிலும் உண்டு. செம்மண் புழுதியும் உண்டு. மின்சாரம் நின்று போவதும் உண்டு. அங்கே தாங்குகிற யந்திரம் தமிழ்நாட்டில் எங்கும் தாங்கும்.

கணிப்பொறிக்குள்ளே கணக்குகளைப் போட்டுத் தள்ளும் சில்லுக்குத்தான் பிராஸஸர் என்று பெயர். கடைக்குப் போனால் ‘ஐ-3, ஐ-5, ஐ-7’ என்று எண்கள் ஏறிக்கொண்டே போகும். எண் பெரிதானால் யந்திரமும் உயர்ந்தது என்று எண்ணுவது மனித சுபாவம். விருந்தாளிகளிடம் சொல்லிக்கொள்வதற்கும் பெரிய எண்தான் எடுப்பாக இருக்கிறது! ஆனால் நாம் நேயர்களுக்குச் சொல்ல விரும்புவது ஒன்றே: வீட்டுக் கணிப்பொறிக்குப் பிராஸஸரைத் தேர்ந்தெடுக்கும்போது, அது எவ்வளவு வேகமானது என்று கேட்குமுன், எவ்வளவு உஷ்ணத்தைக் கக்குவது என்று கேட்கவேண்டும். இரைச்சல், புழுதி, மின்சாரச் செலவு, யந்திரத்தின் ஆயுள் ஆகிய எல்லாம் அந்த ஒரு கேள்வியின் பின்னே வரிசையாக வந்து நிற்கின்றன.

உஷ்ணம் எப்படி உண்டாகிறது? 1971-ஆம் வருஷத்தில் இன்டெல் கம்பெனியார் வெளியிட்ட 4004 என்னும் சில்லில் 2,300 டிரான்ஸிஸ்டர்கள் இருந்தன. இன்றைய பெரிய சில்லுகளில் பல நூறு கோடி டிரான்ஸிஸ்டர்கள் இருக்கின்றன. இவை ஒவ்வொன்றும் விளக்குப் பொத்தானைப் போல, வினாடிக்குக் கோடிக்கணக்கான முறை திறந்து மூடுகிறது. ஒவ்வொரு முறையும் துளி மின்சாரம் செலவாகி வெப்பமாகிறது. சில்லின் வேகத்தைக் கூட்டவேண்டுமானால் அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தத்தையும் கூட்டவேண்டியிருக்கிறது. வெப்பமோ அழுத்தத்தின் இருமடிப் பெருக்கமாக ஏறும் குணமுடையது. வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தி, அதற்காக அழுத்தத்தையும் ஐந்தில் ஒரு பங்கு உயர்த்தினால், வெப்பம் ஏறக்குறைய முக்கால் பங்கு உயர்ந்துவிடும். கடைசி முழ வேகத்துக்குத்தான் விலை மிக அதிகம் என்பது இதனால் விளங்கும். அந்தக் கடைசி முழத்தை வேண்டாமென்று விட்டுவிடுகிற வீட்டுக்காரர், வேகத்தில் கொஞ்சம் இழந்து அமைதியில் நிரம்பப் பெறுகிறார்.

உண்டான வெப்பத்தை வெளியேற்றுவதற்குத்தான் விசிறி. விசிறியின் சத்தத்தில் ஒரு வினோதம் உண்டு. பெட்டி சின்னதாக இருந்தால் சத்தமும் சின்னதாக இருக்குமென்று நாம் நினைக்கிறோம். உண்மை நேர்மாறானது. உள்ளங்கையளவு பெரிய விசிறி மெதுவாகச் சுழன்றே தேவையான காற்றைத் தள்ளிவிடும்; ரூபாய் நாணயத்தைவிடச் சற்றுப் பெரிய விசிறியோ அதே காற்றைத் தள்ளுவதற்குத் தலைதெறிக்கச் சுழலவேண்டும். அப்போது எழும் கீச்சொலி, பகலில் தெருச் சந்தடியில் மறைந்துவிட்டாலும், இரவில் ஒரே கூடத்தில் பையன் படிக்கப் பாட்டியார் உறங்கும் வீட்டில் நன்றாகவே கேட்கும். குடுமியான்மலைப் பாறையில் ஸ்வரங்களைக் கல்வெட்டாகப் பொறித்துவைத்த சீமையில் காதுகளை ஏமாற்ற முடியுமா? ஆகையால், சிறிய பெட்டி வேண்டுமென்பவர்கள் உஷ்ணம் மிகக் குறைந்த சில்லையே நாடவேண்டும். விசிறியே இல்லாமல், பெட்டியின் அலுமினிய உடம்பே வெப்பத்தை வாங்கி வெளியே விடும்படி செய்த கணிப்பொறிகளும் இன்று கிடைக்கின்றன.

ஆனால் இங்கே ஓர் எச்சரிக்கை. விசிறியில்லாத பெட்டிகளைப் புகழ்ந்து எழுதுவோர் பலர் குளிர் நாடுகளில் இருப்பவர்கள். வெப்பம் சூடான இடத்திலிருந்து குளிர்ந்த இடத்துக்கு ஓடுகிறது. இரண்டுக்கும் வித்தியாசம் எவ்வளவோ அவ்வளவுக்கு ஓட்டமும் விரைவாக இருக்கும். அவர்களுடைய அறையில் 20 பாகை என்றால், சித்திரை வைகாசியில் புதுக்கோட்டையில் ஓட்டுக் கூரையின் கீழே 38 பாகை இருக்கக்கூடும். பெட்டியின் உடம்பு 60 பாகை சூட்டில் இருப்பதாகக் கொண்டால், அங்கே வித்தியாசம் 40. இங்கே 22 தான். அதாவது, அங்கே விடும் வெப்பத்தில் பாதியைச் சற்றே மிஞ்சிய அளவுதான் அதே பெட்டி இங்கே விடும். சூடு எல்லை மீறினால் பிராஸஸர் எரிந்துவிடாது. தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். பெரிய எண்ணுக்குப் பெரிய விலை கொடுத்து, கோடையில் அதைச் சின்ன எண்ணாக ஓட்டுவதில் என்ன லாபம்? விசிறியுள்ள பெட்டிக்கோ வேறு தொல்லை. அது காற்றோடு செம்மண் துகளையும் உள்ளே இழுத்துக்கொள்கிறது. ஆறு மாதத்துக்கு ஒரு தரம் மூடியைக் கழற்றித் தூசி துடைக்கப் பொறுமை இல்லாதவர்களுக்கு விசிறியில்லாத பெட்டியே உசிதமானது.

இனி, செலவுக் கணக்கைப் பார்ப்போம். சாதாரண மேஜைக் கணிப்பொறி, திரையை நீக்கி, சராசரி 60 வாட் மின்சாரம் எடுக்கிறதென்றும், சிக்கனமான சிறு பெட்டி 12 வாட் எடுக்கிறதென்றும் வைத்துக்கொள்வோம். நாளொன்றுக்கு 8 மணி நேரம் ஓடினால், இரண்டு மாதக் கணக்கில் பெரியது ஏறக்குறைய 29 யூனிட் விழுங்கும். சிறியது 6 யூனிட்டோடு நின்றுவிடும். இரண்டு மாதத்துக்கு ஒரு குறிப்பிட்ட அளவு மின்சாரத்தை இலவசமாகப் பெறும் நம் வீடுகளில், அந்த 23 யூனிட் சில வேளைகளில் இலவசத்துக்கும் கட்டணத்துக்கும் இடையே உள்ள வரப்பாகவே அமைந்துவிடும்.

மின்சாரம் நிற்கும்போது இந்தக் கணக்கு இன்னும் கூர்மையாகிறது. 2018-ஆம் வருஷம் நவம்பர் 16-ஆம் தேதி அடித்த கஜா புயலைப் புதுக்கோட்டை ஜில்லாவாசிகள் மறந்திருக்க மாட்டார்கள். கம்பங்கள் சாய்ந்து, பல கிராமங்களில் நாட்கணக்கிலும் சிலவற்றில் வாரக்கணக்கிலும் இருள் சூழ்ந்திருந்தது. அத்தகைய விபத்துக்கு எந்த பாட்டரியும் ஈடுகொடுக்காது என்பது வாஸ்தவமே. ஆனால் மாதாந்திரப் பராமரிப்புக்காகப் பகல் முழுதும் மின்சாரத்தை நிறுத்தும் நாட்கள் எல்லா ஊர்களிலும் வருகின்றன. அன்று இன்வர்ட்டரே தஞ்சம். பழைய கூரை விசிறி ஒன்று ஏறத்தாழ 75 வாட் எடுக்கும். புதுமாதிரிச் சிக்கன விசிறி 30 வாட்டுக்குள் சுழலும். கணிப்பொறியில் மிச்சமாகும் 48 வாட்டைக் கொண்டு அத்தகைய விசிறி ஒன்றைத் தாராளமாக ஓட்டலாம். பையனுடைய பாடமும் நடக்கும். பாட்டியாருக்குக் காற்றும் வரும். குடும்பத்துக்கு ஏற்ற பிராஸஸர் என்று நாம் சொல்வதன் பொருள் இதுதான்.

இப்படிச் சொன்னவுடன், ‘சிக்கனமான சில்லு வேலை செய்யுமா?’ என்ற சந்தேகம் எழும். இதற்கு விடை சொல்லுமுன், புதுக்கோட்டையின் சரித்திரத்திலிருந்தே ஒரு செய்தியை நினைவூட்டுகிறோம். 1991-ஆம் வருஷத்தில் ஷீலா ராணி சுங்கத் அவர்கள் கலெக்டராக இருந்த காலத்தில் அந்த ஜில்லாவில் அறிவொளி இயக்கம் மும்முரமாக நடந்தது. எழுத்துக் கற்ற கிராமத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிளும் கற்றுக்கொண்டார்கள். பெண்களுக்கென்று செய்த சைக்கிள்கள் அப்போது போதிய அளவில் கிடைக்கவில்லை. எனவே ஆண்கள் சைக்கிளை ஓட்டினார்கள். ஆனால் அதைவிட ருசிகரமான விஷயம் ஒன்றைப் பத்திரிகையாளர் பி. சாய்நாத் பதிவு செய்திருக்கிறார்: அவர்களிற் பலர் ஆண்கள் சைக்கிளையே விரும்பினார்களாம். காரணம், இருக்கைக்கும் கைப்பிடிக்கும் நடுவே உள்ள கம்பியில் குழந்தையை உட்கார்த்தி வைத்துக்கொள்ளலாம் என்பதே. வண்டி யாருக்கென்று கடைக்காரர் பெயரிட்டிருக்கிறார் என்று அவர்கள் பார்க்கவில்லை. தம் வேலைக்கு எது உதவும் என்று பார்த்தார்கள். கணிப்பொறி வாங்கப் புறப்படும் நாமும் அந்தச் சகோதரிகளின் வழியைப் பின்பற்றினால் ஏமாறமாட்டோம். முதலில் ஒரு காகிதத்தை எடுத்து, வீட்டில் நடக்கவேண்டிய வேலைகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

அந்தக் காகிதத்தில் தமிழ்த் தட்டெழுத்து, இணைய வகுப்பு, படம் பார்ப்பது, பாங்கி, வரவு செலவுக் கணக்கு, பழைய பத்திரிகைகளின் படியெடுத்த பக்கங்களைப் படிப்பது என்று இருந்தால், இன்டெல் கம்பெனியார் 2023-இல் வெளியிட்ட என்-100 என்னும் பிராஸஸரும், அதற்குப் பின் வந்த என்-150-ம் தாராளமாகப் போதும். கணக்குப் போடும் கூறுகளாகிய ‘கோர்’கள் அவற்றில் நான்கு உண்டு. 2015-இல் வந்த நாலு கோர் மேஜை ஐ-5 ஒன்றுக்கு ஏறத்தாழ ஈடான வேலையை என்-100 செய்கிறது. அந்த ஐ-5-க்குக் குறித்த உஷ்ண அளவு 65 வாட். இதற்குக் குறித்தது 6 வாட். எட்டு வருஷத்தில் யந்திர சாஸ்திரம் சாதித்திருப்பது இவ்வளவு! குறித்த அளவே உச்ச அளவு என்று மட்டும் நினைக்கக்கூடாது. வேகமெடுக்கும் சமயத்தில் சில்லு அதைவிட மிகுதியாகவே வாங்கும்; பெட்டியைச் செய்தவர் எவ்வளவு அனுமதித்திருக்கிறாரோ அவ்வளவு. ஆகவே சில்லின் பெயரோடு பெட்டியின் அமைப்பையும் விசாரிக்கவேண்டும். விசிறியில்லாததா, விசிறி உண்டென்றால் எவ்வளவு பெரியது, என்ற இரு கேள்விகளையும் கேட்காமல் பணத்தை எடுக்கவேண்டாம்.

வீட்டில் பத்து, பன்னிரண்டு வயதுக் குழந்தை இருந்து, அது யந்திரங்களைக் கழற்றிப் பார்க்கும் குழந்தையாகவும் இருந்தால், ராஸ்பெரி பை என்னும் இங்கிலாந்துப் பலகையை யோசிக்கலாம். 2023-இல் வந்த அதன் ஐந்தாவது பதிப்பில், கைபேசிகளில் காணும் ஆர்ம் வகுப்பைச் சேர்ந்த நாலு கோர் பிராஸஸர் இருக்கிறது. பலகையின் ஓரத்தில் உள்ள 40 ஊசிகளில் விளக்கு, மணி, மண்ணின் ஈரத்தை அளக்கும் கருவி முதலியவற்றை இணைத்து, தோட்டத்துக்குத் தண்ணீர் பாய்ச்சும் நேரத்தைக் கூட அறியச் செய்யலாம். ஆனால் விண்டோஸுக்கென்று எழுதிய டாலி முதலிய கணக்கு ஏற்பாடுகள் அதில் நேராக ஓடமாட்டா. பழைய அச்சுப்பொறியும் சில சமயம் அதனோடு பேச மறுக்கும். குழந்தையின் கல்விக்கு அது உத்தமம்; தகப்பனாரின் கணக்குக்கு அன்று.

பணத்தை மேலும் மிச்சப்படுத்த நினைப்பவர்களுக்கு மூன்றாவது வழியொன்று உண்டு. பெரிய ஆபீசுகள் சில வருஷம் உபயோகித்துத் தள்ளிவிடும், தலையணை மந்திரக் கனத்த அகராதியளவே உள்ள சிறு கணிப்பொறிகள் சென்னை ரிச்சி தெருவிலும் பிற ஊர்களிலும் பழைய சாமானாக விற்கின்றன. அவற்றில் இன்டெல் எண்ணின் ஈற்றில் ‘டி’ என்ற எழுத்துள்ளதைத் தேடவேண்டும். ஐ-5 8500டி என்பதுபோல. அந்த எழுத்துக்கு 35 வாட்டுக்குள் அடக்கி வைத்த சில்லு என்று பொருள். ஆறு கோர்கள் இருப்பதால் வேலைக்கு வஞ்சனையில்லை. ஆனால் எட்டாம் தலைமுறைக்கு முந்திய இன்டெல் சில்லுள்ள பெட்டியை, எவ்வளவு மலிவானாலும், விண்டோஸுக்காக வாங்கவேண்டாம். விண்டோஸ் பத்தாம் பதிப்புக்குரிய இலவசப் பாதுகாப்பு ஆதரவு 2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு பொதுவாக முடிவடைந்தது. பதினொன்றாம் பதிப்போ அநேகமாக எட்டாம் தலைமுறை முதலே ஏற்கிறது. லினக்ஸ் உபயோகிக்கத் தெரிந்தவர்களுக்கு இந்தத் தடையில்லை.

கல்யாண வீடியோக்களை வெட்டி ஒட்டுவது, கட்டட வரைபடம் போடுவது போன்ற பளுவான வேலை காகிதத்தில் இருக்குமானால், சிக்கனத்தை அளவுக்கு மீறிப் பிடிவாதம் செய்யலாகாது. மடிக்கணிப்பொறிகளுக்கென்று செய்த, ‘யூ’ என்ற எழுத்தில் முடியும் ஏ.எம்.டி. ரைஸன் சில்லுகள் சிறு பெட்டிகளிலும் வருகின்றன. அவற்றுக்குக் குறித்த அளவு பெரும்பாலும் 15 முதல் 28 வாட் வரையே. விசிறி வேண்டியிருக்கும், ஆகையால் சற்றுப் பெரிய பெட்டியையே வாங்கி, விசிறியை மெதுவாகச் சுழலவிடுவது புத்திசாலித்தனம். ஆனால் எண்ணின் ஈற்றில் ‘கே’ என்றிருக்கும் இன்டெல் சில்லுகளை இந்தக் காரியத்துக்கு நெருங்கவேண்டாம். ஐ-9 13900கே என்பது உச்ச வேகத்தில் 253 வாட் வரை வாங்கும்; அது கணிப்பொறி மட்டுமன்று, அடுப்பும் ஆகும். இன்டெல் எண்ணில் ‘எஃப்’ என்று முடிவதும் ஆகாது. அதில் திரைக்குப் படம் அனுப்பும் பகுதி இல்லாததால், தனியாக ஓர் அட்டை வாங்கவேண்டும். அந்த அட்டைக்குப் பெரும்பாலும் தனியாக ஒரு விசிறியும் வரும்.

பிராஸஸரில் மிச்சம் பிடித்த பணத்தை என்ன செய்வது? அதை நினைவகத்திலும் சேமிப்பிலும் போடவேண்டும். 4 ஜி.பி. ராம் உள்ள யந்திரம் இக்காலத்து இணையப் பக்கங்களுக்கு முன் மூச்சுத் திணறும், 8 ஜி.பி. குறைந்தபட்சம்; 16 ஜி.பி. சௌகரியம். பல சிறு பெட்டிகளில் ராமைப் பலகையோடு பற்றவைத்து விடுகிறார்கள்; பின்னால் கூட்ட வழியில்லை என்பதால் முதலிலேயே கேட்டுக்கொள்வது நலம். சுழலும் தட்டுள்ள பழைய ஹார்ட் டிஸ்க்குக்குப் பதிலாக எஸ்.எஸ்.டி. இருக்கவேண்டும். அதில் அசையும் உறுப்பே இல்லாததால் சத்தமும் இல்லை. ‘கணிப்பொறி மெதுவாக இருக்கிறது’ என்று ஜனங்கள் குறைப்படும்போது, பிராஸஸரைவிட இவ்விரண்டுமே பெரும்பாலும் குற்றவாளிகள்.

‘எல்லாம் அந்நிய தேசத்துப் பெயர்களாகவே இருக்கின்றனவே, நம் நாட்டுப் பிராஸஸர் இல்லையா?’ என்று சுதேசாபிமானமுள்ள நேயர்கள் கேட்பது நியாயமே. உண்டு. சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் காமகோடியின் குழுவினர் ‘சக்தி’ என்ற பெயரில் பிராஸஸர்களை வகுத்திருக்கிறார்கள். 2018-இல் முதல் சில்லு அமெரிக்காவிலுள்ள இன்டெல் தொழிற்சாலையில் வார்க்கப்பட்டது. அதே வருஷத்தில் மற்றொன்று சண்டிகரை அடுத்த நம் அரசாங்கத் தொழிற்சாலையிலேயே தயாராயிற்று. 2020-இல் ‘மௌஷிக்’ வந்தது. இவையெல்லாம் யாருக்கும் கப்பம் கட்ட வேண்டாத ரிஸ்க்-ஃபைவ் என்னும் பொதுக் கட்டளைத் தொகுதியைத் தழுவியவை. அந்தத் தொகுதி 2010-இல் அமெரிக்காவின் பெர்க்லி சர்வகலாசாலையில் தோன்றியது. ஆனால் உள்ளதை உள்ளபடி சொல்லவேண்டும். நம் நாட்டில் வார்த்த இந்தச் சில்லுகள் 180 நானோமீட்டர் என்னும் பழைய, தடித்த அச்சில் வார்த்தவை. கருவிகளை இயக்கவும் கட்டுப்படுத்தவும் அவை தகும். கூடத்து மேஜையில் என்-100 செய்யும் வேலைக்காகச் செய்தவை அல்ல.

அப்படியானால் சுதேசியத்துக்கு நம் வீட்டில் இடமில்லையா? இருக்கிறது, அது வாங்கும் சாமானில் இல்லாமல், கற்கும் கல்வியில் இருக்கிறது. சக்தி பிராஸஸரின் அமைப்பு விவரங்களை யாரும் எடுத்துப் படிக்கும்படி இணையத்தில் திறந்து வைத்திருக்கிறார்கள். அறந்தாங்கியிலோ ஆலங்குடியிலோ ஒரு மாணவி, 12 வாட் எடுக்கும் சத்தமில்லாத பெட்டியின் முன் உட்கார்ந்து, ஒரு பிராஸஸர் எப்படிக் கூட்டல் போடுகிறது என்பதை அதன் உள்ளமைப்பிலிருந்தே அறியலாம். அதற்கு ஐ-9 வேண்டியதில்லை. நாளைக்கு நம் தேசத்தில் வார்க்கப்போகும் சில்லை வரையும் கை அந்தக் கையாக இருக்கலாம். அந்தப் பெண்ணுக்கு வேண்டியவை, இரவில் எவரையும் எழுப்பாத யந்திரமும், மின்சாரம் நின்றாலும் நிற்காத இரண்டு மணி நேரப் படிப்புமே.

ஆகவே நமது யோசனையைத் தொகுத்துச் சொல்கிறோம். வேலைகளை முதலில் எழுதிக்கொள்க. சாதாரண வேலைகளுக்கு 6 வாட் வகுப்புச் சில்லும், விசிறியில்லாத அலுமினியப் பெட்டியும், 16 ஜி.பி. ராமும், எஸ்.எஸ்.டி.யும் போதும். பளு மிகுந்த வேலைக்கு 15 முதல் 35 வாட் வரை போகலாம். விசிறி பெரிதாக இருக்கட்டும். பெட்டியைச் சுவரோடு ஒட்டவைக்காமல் நாலு விரற்கடை இடைவெளி விடுக. அதன் தலையில் பூவேலைத் துணியைப் போர்த்தவேண்டாம். டெலிவிஷன் அலமாரிக்குள் அடைக்கவும் வேண்டாம். வாங்குவதற்குச் சித்திரை மாதம் நல்லது. கடைக்காரர் அனுமதித்தால், குளிர்சாதனமில்லாத அறையில் ஒரு மணி நேரம் படம் ஓடவிட்டுக் காதை அருகில் வைத்துக் கேளுங்கள். கோடையில் அமைதியாக இருக்கும் பெட்டி, மார்கழியில் சத்தம் போடாது.